எல்லாவற்றுக்கும் தலையாட்டும் டூப்

சினிமாவில் டூப் போடுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாடியிலிருந்து குதிப்பதாகக் காட்டப்படுபவர் கதாநாயகன். உண்மையில் குதிப்பவர் வேறொருவர். தூரத்திலிருந்து பார்க்க அதே சட்டை, அதே தலைமுடி. அந்தக் காட்சிக்கு அது போதும்.

நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையிலும் தினமும் டூப் போடுகிறோம். பெட்டாலிங் ஜெயாவில், நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை எழுதும் சின்னக் குழுவில் இருக்கிறேன். ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தைக் கணக்கிட அந்த மென்பொருள் பலரிடம் கேள்வி கேட்க வேண்டும். இன்று என்ன தேதி என்று கடிகாரத்திடம். அன்று விடுமுறையா என்று நாள்காட்டியிடம். ஊழியர் சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு என்று இரண்டு அட்டவணைகளிடம். தொழிலாளியின் விவரத்தைத் தரவுத்தளத்திடம். கடைசியில் வங்கிக்கு ஒரு கோப்பு போகும், தொழிலாளிக்கு ஒரு மின்னஞ்சல் போகும்.

எழுதிய கணக்கு சரிதானா என்று பார்க்கச் சின்னச் சின்னச் சோதனைகளையும் நாமே எழுதிவைப்போம். அதுதான் யூனிட் டெஸ்ட். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் எல்லா டெஸ்டுகளையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் ஐம்பது முறைகூட ஓட்டுவோம். ஐம்பது முறையும் உண்மையான வங்கிக்குப் பணம் அனுப்பச் சொல்ல முடியுமா? ஆகவே வங்கியின் இடத்தில் ஒரு டூப்பை நிறுத்துகிறோம். அது 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லும், பணம் எங்கும் போகாது.

எங்கள் தொழிலில் இதை 'மோக்' என்பார்கள். 2000இல் சார்டினியாவில் நடந்த ஒரு மாநாட்டில் டிம் மெக்கினன், ஸ்டீவ் ஃப்ரீமன், ஃபிலிப் க்ரெய்க் மூவரும் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். 2007இல் ஜெரார்ட் மெசாரோஸ் தன் 'எக்ஸ்யூனிட் டெஸ்ட் பேட்டர்ன்ஸ்' நூலில் இப்படிப்பட்ட எல்லா மாற்றாட்களுக்கும் 'டெஸ்ட் டபுள்' என்ற பொதுப்பெயரைக் கொடுத்தார். சினிமாவின் ஸ்டண்ட் டபுளிலிருந்து எடுத்த பெயர். அவர் கணக்கில் டெஸ்ட் டபுள் ஐந்து வகை, மோக் அதில் ஒன்று மட்டும்தான். அலுவலகப் பேச்சில் அந்த வேறுபாட்டையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. நானும் இங்கே எல்லாவற்றையும் டூப் என்றே சொல்கிறேன். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல்.

*

டூப் போடுவதில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் டூப்புகளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முடிந்ததும் அவர்களை அனுப்பிவிட்டு உண்மையான ஆட்களை மறுபடி உட்கார வைக்க வேண்டும். எங்களுக்கு ஏழு டூப்புகள். நிறுத்த ஏழு வரி, அனுப்ப ஏழு வரி. சம்பளக் கணக்குக் கோப்பில் 62 டெஸ்டுகள். பெருக்கிப் பாருங்கள், 868 வரிகள். ஒரு சிறுகதைத் தொகுப்பில் 62 கதைகளும் ஒரே பதினான்கு வரிகளுடன் இருந்தால் எப்படியிருக்கும்? மூன்றாவது கதையிலிருந்து கண் தானாகவே தாண்டிப்போகும். தாண்டிப்போகும் இடத்தில் பிழை இருந்தால் யார் பார்ப்பது?

இந்தத் தொல்லைக்கு மருந்தும் பழையதுதான். கெண்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்காக எழுதிய சோதனைக் கருவியிலேயே 'செட்அப்', 'டியர்டவுன்' என்ற இரண்டு இடங்கள் இருந்தன. செட்அப்பில் எழுதுவது ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் தானாக ஓடும். டியர்டவுனில் எழுதுவது பின்னால் ஓடும். 1997இல் பெக்கும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன விமானத்தில் உட்கார்ந்து ஜாவாவுக்கு ஜேயூனிட்டை எழுதினார்கள். அங்கிருந்து இந்த வழக்கம் கிட்டத்தட்ட எல்லா மொழிகளுக்கும் பரவியது. நாங்கள் எழுதும் பைதனிலும் அதுவே இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எங்கள் குழுவில் யாரோ ஒருவர் அந்த 868 வரிகளைத் திரட்டி, ஏழு டூப்புகளையும் செட்அப்பிலும் டியர்டவுனிலும் ஒரேயடியாக வைத்துவிட்டுப் போயிருந்தார். கோப்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. மாற்றப் பதிவில் அவரைப் பாராட்டி நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். படித்தபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

*

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. அந்த மாதச் சம்பளம் போன பிறகு ஒரு பாதுகாவல் நிறுவனத்திடமிருந்து புகார் வந்தது. கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை செய்யும் எட்டு ஜாகாக்கள். தீபாவளியன்று பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள். சம்பளச் சீட்டில் அந்த நாள் சாதாரணத் திங்கள்கிழமையாக இருந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென். எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். சாதாரண நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் நான்கு மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 49 ரிங்கிட் 4 சென் கூடுதலாக வரும். பொது விடுமுறையில் வேலை செய்தால் வேறு கணக்கு. விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி, கூடுதல் மணி நேரத்துக்கு மூன்று மடங்கு. இரண்டையும் சேர்த்தால் 228 ரிங்கிட் 85 சென். ஆக ஆளுக்கு 179 ரிங்கிட் 81 சென் குறைந்திருந்தது.

நூற்றெண்பது ரிங்கிட் பெரிய தொகையா என்று கேட்கலாம். 1,700 வாங்குகிறவருக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

காரணம் இரண்டு நாளில் தெரிந்தது. அந்தப் பாதுகாவல் நிறுவனத்தின் தலைமையகம் கூச்சிங்கில். எங்கள் நிரல் நாள்காட்டியிடம் விடுமுறை கேட்கும்போது, தொழிலாளி வேலை செய்யும் மாநிலத்தைச் சொல்லாமல் நிறுவனம் பதிவான மாநிலத்தைச் சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் தீபாவளி சரவாக் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் பொது விடுமுறை. 'சரவாக்கில் அக்டோபர் 20 விடுமுறையா?' என்று கேட்டால் நாள்காட்டி என்ன சொல்லும்? 'இல்லை.' சரியான பதில்தான். தவறான கேள்விக்கு வந்த சரியான பதில்.

என்னைத் தொந்தரவு செய்தது அந்தப் பிழை அல்ல. பிழை எல்லா நிரலிலும் இருக்கும். அந்த 62 டெஸ்டுகளில் ஒன்றின் பெயரே 'தீபாவளியன்று வேலை செய்தால் விடுமுறைக் கூலி' என்று இருந்தது. அது பல மாதங்களாகப் பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

குழுவில் புதிதாகச் சேர்ந்த தைப்பிங் தம்பிதான் அதைத் திறந்து பார்த்தான்.

"அக்கா, இந்த டெஸ்ட்ல எந்த மாநிலம்னே இல்லையே. நாள்காட்டியும் காணோம். பின்ன எப்படி பாஸ் ஆகுது?"

"மேல போய் செட்அப்ப பாரு."

முந்நூறு வரிகள் மேலே போய்ப் பார்த்தான். ஏழு டூப்புகளில் ஒன்று நாள்காட்டியின் டூப். அதற்கு ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது: யார் என்ன கேட்டாலும் 'ஆமாம்' என்று சொல்.

"அட, இது பூம்பூம் மாடு லா" என்றான்.

அவன் சொன்னது அப்படியே உண்மை. சரவாக்கில் தீபாவளி விடுமுறையா? ஆமாம். திரங்கானுவில் தைப்பூசம் விடுமுறையா? ஆமாம். பிப்ரவரி 30 விடுமுறையா? அதற்கும் தலையாட்டும். பைதனில் இன்னொரு விசேஷமும் உண்டு. டூப்புக்கு எதுவுமே சொல்லிக் கொடுக்காமல் விட்டாலும், அது கொடுக்கும் பதிலை 'ஆமாமா, இல்லையா' என்று நிரல் பார்க்கும்போது அது 'ஆமாம்' என்றே கொள்ளப்படும். சும்மா நிற்கும் மாடும் தலையாட்டுகிறது.

*

இதிலிருந்து 'பொது செட்அப் கெட்டது, பதினான்கு வரிகளையும் பழையபடி 62 இடத்தில் எழுது' என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழையபடி இருந்திருந்தாலும் அந்த 'ஆமாம்' வரி 62 இடத்தில் இருந்திருக்கும், ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். 'ஒரே விஷயத்தைத் திரும்ப எழுதாதே' என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு. 1999இல் ஆண்டி ஹன்ட்டும் டேவ் தாமஸும் 'தி ப்ராக்மடிக் ப்ரோக்ராமர்' நூலில் அதை முன்வைத்தபோது, ஒரே மாதிரி தெரியும் வரிகளைப் பற்றிப் பேசவில்லை. அறிவைப் பற்றிப் பேசினார்கள். ஓர் உண்மை ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வரிகள் இரண்டு வேறு உண்மைகளைச் சொல்லலாம்.

சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குறிஞ்சித் திணை என்றால் மலை, நள்ளிரவு, கூதிர் காலம், கூடல் என்று மரபு ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறது. புலவர் ஒவ்வொரு பாட்டிலும் அதை முதலிலிருந்து விளக்குவதில்லை. அது பொது செட்அப். ஆனால் யார் யாரிடம் சொன்னது என்ற கூற்றுக் குறிப்பைப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகச் சேர்த்தார்கள். 'தலைவி தோழிக்குச் சொன்னது' என்பது எத்தனையோ பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்காக அதைத் தொகுப்பின் முதல் பக்கத்துக்குக் கொண்டுபோய் ஒரே தடவை எழுதிவிட முடியுமா? ஒரு பாட்டில் அந்தக் குறிப்பு மாறினால் பாட்டின் பொருளே மாறிவிடும்.

டெஸ்டிலும் அப்படித்தான். மின்னஞ்சல் டூப் எல்லா டெஸ்டுக்கும் வேண்டும், எந்த டெஸ்டின் பொருளும் அதைச் சார்ந்ததில்லை. அதை மேலே கொண்டுபோய் மறைத்துவைக்கலாம். ஆனால் 'இன்று விடுமுறையா' என்பது தீபாவளி டெஸ்டின் உயிர். அது அந்த டெஸ்டுக்குள், கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். படிப்பவருக்குத் தெரியாத இடத்திலிருந்து வந்து முடிவைத் தீர்மானிக்கும் இப்படிப்பட்ட பொருளுக்கு 'மர்ம விருந்தாளி' என்றே மெசாரோஸின் நூலில் பெயர் இருக்கிறது. எங்கள் மர்ம விருந்தாளி முந்நூறு வரிகளுக்கு மேலே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தது.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் குதிரை காலண்டர் நினைவுக்கு வரும். மலேசிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், குதிரைப் படம் போட்டு, பெரிய கட்டங்களோடு, எந்த மாநிலத்துக்கு என்று விடுமுறை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அப்பா ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாக இருந்தார். வேலை முடிந்து வந்ததும் அன்றைய கட்டத்தில் எத்தனை மணி நேரம் என்று பேனாவால் எழுதுவார். 12, 12, 12, 12. அம்மாவுக்கு அது வேடிக்கை.

"தெனமும் பன்னெண்டுதானே, எதுக்கு எழுதிக்கிட்டு?"

"பன்னெண்டு இல்லாத நாளு தெரியணும்ல" என்பார் அப்பா.

சம்பளச் சீட்டில் மலாய்ச் சுருக்கெழுத்தில் இருந்த எதையும் அவரால் வாசிக்க முடிந்ததில்லை. ஆனால் ஒரு மாதம் ஒரு விடுமுறை நாள் விட்டுப்போனபோது, காலண்டர் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்க் காட்டிப் பணத்தை வாங்கி வந்தார். அவர் ஒவ்வொரு கட்டத்திலும் தன் பெயர், தொழிற்சாலையின் பெயர், சீருடை எண் எல்லாம் எழுதவில்லை. மாறக்கூடிய ஒன்றை மட்டும் எழுதினார். எது திரும்ப எழுதத் தகுந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

*

பிறகு நானும் தம்பியும் அந்தக் கோப்பைச் சீர்செய்ய உட்கார்ந்தோம். மூன்று வாரம் ஆனது. மற்ற வேலைகளுக்கு இடையில்தான்.

முதலில் துப்புரவைக் கவனித்தோம். நாள்காட்டி டூப்பை செட்அப்பிலிருந்து எடுத்ததுமே விசித்திரமான ஒன்று நடந்தது. சில டெஸ்டுகள் தனியாக ஓட்டினால் விழுந்தன, கூட்டமாக ஓட்டினால் தேறின. ஒரு டெஸ்ட் விழுந்தால் அதற்குப் பின்னால் சம்பந்தமே இல்லாத பதினொன்று விழுந்தன. விசாரித்தால், ஒரு டெஸ்ட் தன் தேவைக்குக் கடிகாரத்தை அக்டோபர் 20இல் நிறுத்திவைத்திருந்தது. திரும்ப ஓடவிடும் வரி அந்த டெஸ்டின் கடைசி வரி. நடுவில் டெஸ்ட் விழுந்துவிட்டால் கடைசி வரிக்கு யார் போவது? பின்னால் வந்த டெஸ்டுகளுக்கெல்லாம் நாள் முழுக்கத் தீபாவளிதான்.

தாமான் டேவானைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோம். முதல் நாள் பிறந்தநாள் விழா நடத்தியவர் பலூன்களைக் கழற்றாமல் போய்விட்டால், நம் கல்யாணத்தில் 'ஹேப்பி பர்த்டே' தொங்கும். 'முடிந்ததும் சுத்தம் செய்யவும்' என்று சுவரில் எழுதிவைப்பது போதாது. சண்டை வந்து விழா பாதியில் நின்றாலும் சுத்தம் நடக்க வேண்டும். கழற்றும் ஏற்பாட்டை மாட்டும்போதே செய்துவிட வேண்டும்.

பைதன் இதற்கு நல்ல வழிகள் வைத்திருக்கிறது. 'வித்' என்று தொடங்கும் தொகுதிக்குள் 'பேட்ச்' போட்டு டூப்பை நிறுத்தினால், தொகுதி முடிந்ததும் உண்மையான ஆள் தானாகத் திரும்பிவிடுவார். நடுவில் எது உடைந்தாலும் சரி. 'ஆட்க்ளீனப்' என்று ஒன்று இருக்கிறது. டூப்பை நிறுத்திய அடுத்த வரியிலேயே 'இவரை அனுப்ப வேண்டும்' என்று பதிந்துவைக்கலாம், கடைசியில் வந்தவர் முதலில் போவார். இதற்கும் டியர்டவுனுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. செட்அப் பாதியில் உடைந்தால் டியர்டவுன் ஓடவே ஓடாது. ஏழு டூப்புகளில் நான்கை நிறுத்திவிட்டு ஐந்தாவதில் விழுந்தால், அந்த நான்கு பேரும் அங்கேயே நிற்பார்கள். ஆட்க்ளீனப்பில் பதிந்திருந்தால் செட்அப் விழுந்தாலும் அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். பைடெஸ்ட் பயன்படுத்துபவர்களுக்கு 'ஈல்டு' இருக்கிறது. அதற்கு மேலே எழுதுவது நிறுத்துவது, கீழே எழுதுவது அனுப்புவது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே பார்வையில். டியர்டவுனில் இருந்த ஏழு வரிகள் இப்படியே போயின. பிறகு டெஸ்டுகளைத் தினமும் வரிசை கலைத்து ஓட்டினோம். முன்னால் போனவரின் மிச்சத்தில் பிழைத்துக்கொண்டிருந்த டெஸ்டுகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன.

அடுத்தது அந்த ஜாகா. ஒவ்வொரு டெஸ்டும் ஒரு தொழிலாளியை உருவாக்கப் பெயர், அடையாள எண், வங்கிக் கணக்கு, சேர்ந்த தேதி என்று ஒன்பது வரிகள் எழுதியிருந்தது. அதற்குப் பதில் ஒரு சின்னத் துணைநிரல் எழுதினோம். கேட்டால் ஒரு சாதாரண ஜாகாவைக் கொடுக்கும். எது முக்கியமோ அதை மட்டும் நாம் சொல்லலாம்: 'ஒரு ஜாகா, வேலை இடம் சிலாங்கூர்.' மற்றதெல்லாம் ஏதோ ஒன்று.

மூன்றாவதுதான் உண்மையான வேலை. ஃப்ரீமனும் நாட் ப்ரைஸும் 2009இல் எழுதிய புத்தகத்தில் அழுத்திச் சொல்லும் விஷயம் இது: டெஸ்ட் எழுதக் கஷ்டமாக இருந்தால், டெஸ்டைத் திட்டாதே, அது நிரலைப் பற்றி ஏதோ சொல்கிறது, கேள். ஒரு பெருக்கல் கணக்கைச் சோதிக்க ஏழு டூப்புகள் ஏன் வேண்டும்? பெருக்கலும் பேச்சுவார்த்தையும் ஒரே இடத்தில் பின்னிக்கிடந்ததால்தான். ஒரே செயற்கூறு நாள்காட்டியைக் கேட்டு, கூலியைப் பெருக்கி, வங்கிக்கு எழுதி, மின்னஞ்சலும் அனுப்பியது.

பிரித்தோம். கணக்குப் போடுவது தனி. அதற்கு மணி நேரம், கூலி, விடுமுறையா இல்லையா என்ற மூன்றைக் கையில் கொடுத்தால் ரிங்கிட்டைத் திருப்பித் தரும், யாரையும் கேட்காது. அதைச் சோதிக்க ஒரு டூப்பும் வேண்டாம். 62 டெஸ்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கம் வந்துவிட்டன. சேமநிதி, சொக்சோ அட்டவணைகள் வெறும் கோப்புகள், உண்மையானவற்றையே பயன்படுத்தினோம். நாள்காட்டியும் அப்படியே. மாநிலம், தேதி என்று இரண்டு பத்திகள் உள்ள பட்டியலுக்கு எதற்கு டூப்? கடைசியில் நிரந்தரமாக நின்ற டூப்புகள் இரண்டு, வங்கியும் மின்னஞ்சலும். உண்மையிலேயே மாடியிலிருந்து குதிக்க வேண்டியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

திரும்பத் திரும்ப டூப் நிறுத்தும் வேலையைக் குறைக்க நான் கண்ட வழிகளில் சிறந்தது, டூப்பே தேவைப்படாமல் செய்வது. மற்ற வழிகள் எல்லாம் வரிகளைத்தான் குறைக்கின்றன. இது நம்பிக்கொண்டிருக்கும் விஷயங்களைக் குறைக்கிறது. ஒவ்வொரு டூப்பும் 'வெளியுலகம் இப்படித்தான் நடந்துகொள்ளும்' என்ற நம் நம்பிக்கை. நம்பிக்கை பொய்த்தாலும் டூப் பொய்க்காது, நாம் சொல்லிக் கொடுத்ததையே சொல்லும்.

தம்பிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "அக்கா, 'ஆட்டோஸ்பெக்' போட்டிருந்தா இந்தப் பிழைய அப்பவே பிடிச்சிருக்கலாம்ல?" ஆட்டோஸ்பெக் போட்டால் டூப், உண்மையான ஆளிடம் கேட்க முடியாத கேள்வியை ஏற்காது. மாநிலம், தேதி என்று இரண்டு கேட்க வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் கேட்டால் கத்தும். நல்ல பழக்கம், நாங்கள் இப்போது எல்லா டூப்புக்கும் போடுகிறோம். ஆனால் இங்கே கேள்வியின் வடிவம் சரியாக இருந்தது. மாநிலம் கேட்டது, மாநிலம் கொடுக்கப்பட்டது. எந்த மாநிலம் என்பதுதான் தவறு. அதை எந்தக் கருவியும் சொல்லாது. தீபாவளிக்குக் கூச்சிங்கில் கடை திறந்திருக்கும், கிள்ளானில் லிட்டில் இந்தியா நிரம்பியிருக்கும் என்று தெரிந்த ஒருவர் அந்த வரியைப் படிக்க வேண்டும். படிக்க முடிகிற இடத்தில் அந்த வரி இருக்க வேண்டும்.

*

இப்போது அந்த டெஸ்ட் எப்படி இருக்கிறது என்று தமிழில் எழுதிக் காட்டுகிறேன்.

'ஒரு ஜாகா. சம்பளம் 1,700. நிறுவனம் சரவாக். வேலை இடம் சிலாங்கூர். 20 அக்டோபர் 2025, பன்னிரண்டு மணி நேரம். கூடுதலாக வர வேண்டியது 228 ரிங்கிட் 85 சென்.'

அதற்குக் கீழேயே இன்னொன்று.

'ஒரு ஜாகா. சம்பளம் 1,700. நிறுவனம் சரவாக். வேலை இடம் சரவாக். 20 அக்டோபர் 2025, பன்னிரண்டு மணி நேரம். விடுமுறைக் கூலி சேரக் கூடாது.'

கிட்டத்தட்ட ஒன்றுபோல் இரண்டு டெஸ்டுகள். எங்கள் குழுவில் ஒருவர் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே, சேத்துடலாமே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் தம்பி முந்திக்கொண்டான். நிரலில் 'வேலை இடம்' என்பதை எடுத்துவிட்டு வேண்டுமென்றே பழைய பிழையைத் திரும்ப வைத்தான். ஓட்டினான். முதல் டெஸ்ட் சிவப்பு. பிறகு 'சரவாக்' என்பதை எங்கேயும் பார்க்காமல் எப்போதும் விடுமுறை என்று சொல்லும்படி மாற்றினான். இரண்டாவது சிவப்பு. இரண்டையும் பழையபடி ஆக்கிவிட்டு, "எந்த ஒரு வார்த்தை மாறினா காசு மாறுதோ, அந்த வார்த்தை ரெண்டு தடவ இருக்கட்டும்" என்றான்.

இப்போது அவன் புது டெஸ்ட் எழுதும்போதெல்லாம் இரண்டு காரியம் செய்கிறான். டெஸ்டில் ஒரு வரியை அழித்துப் பார்க்கிறான். அழித்தும் எதுவும் மாறவில்லை என்றால் அந்த வரி அங்கே இருக்க வேண்டியதில்லை, பொதுவில் போகலாம் அல்லது போயே விடலாம். அடுத்து, நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கிறான். கெடுத்தும் டெஸ்ட் தலையாட்டினால் அந்த டெஸ்டை நம்ப வேண்டியதில்லை. இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை, ஐந்து நிமிடம் போதும்.

அந்த எட்டுப் பேருக்கும் அடுத்த மாதச் சம்பளத்தோடு பாக்கி போய்ச் சேர்ந்தது. சீட்டில் அது ஒரு தனி வரி. அவர்களில் எத்தனை பேரால் அந்த வரியை வாசிக்க முடிந்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்க்கிறேன். வாசிக்க முடியாதவர்களுக்காக யாராவது வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த டெஸ்டுகள்.